எவர்சில்வர் என்னும் ஒரு சொல்லும் பல எஃகுகளும்



இவ்வுரை ஒருவர் எழுதியதன்று; மூவர் சேர்ந்து எழுதியது. எங்களுள் ஒருவர் தமிழாசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் பொருத்துநராய் இருந்தவர். மற்றொருவர் கிள்ளானில் சிறு இரும்புப் பட்டறை ஒன்றை இன்றும் நடத்தி வருபவர். பட்டறைச் சொற்களைத் தொகுக்கலாம் என்று கூடினோம். சொல்லைத் தொகுக்க வேண்டுமானால் தொழிலைக் கையால் தொட்டறிய வேண்டும் என்பதைச் சில நாள்களிலேயே உணர்ந்தோம். அதனால் பழைய எவர்சில்வரைக் கொண்டு சமையற் கத்தி செய்யப் புகுந்தோம். மூன்று முறை தோற்றோம். அத்தோல்விகளின் வரலாறே இவ்வுரை. ஒவ்வொரு தோல்விக்கும் பின்னால் ஒரு சொற்குறை இருந்தது என்பதே நாங்கள் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து.

கத்தியைப் பற்றிப் பேசுபவர்கள் ஒரு கத்தியையேனும் மேடைக்குக் கொண்டு வந்திருக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். தக்க காரணமின்றி ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் சாலையில் கத்தியோடு நடந்து வந்து, இது இலக்கிய ஆராய்ச்சி என்று காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்க எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே கத்திகளை வீட்டில் விட்டுவிட்டு, அவற்றிலிருந்து வெட்டியெடுத்த மூன்று துண்டுகளை மட்டும் கொண்டு வந்துள்ளோம். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். உரை முடிந்தபின் அவற்றை நீங்கள் கையிலெடுத்துப் பார்க்கலாம்.

தோட்டமும் உலைக்களமும்

இந்நாட்டுத் தமிழர் வாழ்வு கத்தியின் வாயில் நடந்த வாழ்வு. பால்மரம் வெட்டிய கைகளுக்கு அதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். அன்று முதல் பால்வெட்டு என்பது வலிமையை விட நுட்பத்தைக் கேட்கும் தொழிலாயிற்று. ஒவ்வொரு வெட்டிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டை போக வேண்டும். கத்தி ஆழமாக இறங்கிப் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முண்டு கட்டும். புதுப்பட்டை சீராக வளராது. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாது, பிய்க்கும். ஆகவே விடியுமுன் காட்டுக்குள் போகும் ஒவ்வொருவரும் தம் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே போயினர். எந்த எஃகு வாய் தாங்கும், எது தாங்காது என்ற அறிவு அவர்கள் விரலில் இருந்தது.

பின்னர் ரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. குட்டை மரத்துக்கு உளியும் நெட்டை மரத்துக்கு நீண்ட கழியில் கட்டிய அரிவாளும் வந்தன. அதற்கும் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகரங்களுக்கு வந்தனர். வரும்போது சாமிப் படத்தையும் பாத்திரங்களையும் கொண்டுவந்தனர். உலைக்களத்தைக் கொண்டுவர இயலவில்லை. உலைக்களத்தில் வழங்கிய சொற்களும் அங்கேயே தங்கிவிட்டன.

துருத்தி, பட்டடை, குறடு, சம்மட்டி, அரம், சாணை ஆகியவற்றை இன்றும் பலர் அறிவர். கத்தியின் உறுப்புகளான அலகு, வாய், முனை, காம்பு, பிடி, பூண் என்பனவும் முற்றிலும் மறையவில்லை. ஆனால் காய்ச்சிய இரும்பை நீரிலோ எண்ணெயிலோ தோய்த்து அதற்கு உறுதியேற்றும் வேலைக்குக் கொல்லர் வழங்கிய சொல் எது என்று இந்நகரத்து மாணவர்களைக் கேட்டோம், ஒருவரும் கூறவில்லை. 'துவைச்சல்' என்பதே அச்சொல். அதனை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். மீண்டும் அதனிடம் வருவோம்.

பழைய இரும்பு என்னும் சுரங்கம்

வில்லைத் தட்டிக் கத்தி செய்வது இந்நாட்டுப் பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். வில் என்றது லோரியின் அடியிலிருக்கும் பட்டை வில்லை. அதில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரி இருக்கிறது. செவ்வெனக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் நன்கு உறுதியேறும். பாராங் கத்திக்கு இதைவிட எளிதிற் கிடைக்கும் நல்ல பொருள் இல்லை. அதன் குறை ஒன்றே: துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் கிள்ளான் துறைமுகப் பகுதியில், ஈரத்தோடு வைத்த கத்தி மறுநாளே செம்மை பூக்கும். எலுமிச்சையையும் புளியையும் தொட்டால் கறுக்கும்.

துருப்பிடிக்காத பொருளோ எங்கும் குவிந்து கிடக்கிறது. உணவகம் ஒன்று மூடினால் அதன் மேசையும் தொட்டியும் அலமாரியும் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. மலாயில் 'பெசி புரூக்' என்று நாம் அனைவரும் சொல்லிப் பழகிய அக்கடைகளில், எடைபோட்டு வாங்கிய எவர்சில்வர் தகடுகளை வைத்து ஏன் கத்தி செய்யக்கூடாது என்று எண்ணினோம். எண்ணம் தவறன்று. ஆனால் 'எவர்சில்வர்' என்ற அந்த ஒரு சொல்லை நம்பியதுதான் தவறு.

முதல் தோல்வி

உணவக மேசையொன்றின் மூன்று மில்லிமீட்டர்த் தகட்டை வாங்கினோம். ஒரு வாரம் அறுத்து, அராவி, தேய்த்து அலகாக்கினோம். செவ்வெனக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தோம். மெருகிட்டபோது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஆயிற்று. அதைச் சமையல் ஒப்பந்தம் செய்யும் உறவினர் ஒருவருக்குப் பெருமையோடு கொடுத்தோம். ஒரு கல்யாணச் சமையலுக்கு வெங்காயம் அரிந்து முடிப்பதற்குள் அதன் வாய் காகித விளிம்புபோல் மடங்கிவிட்டது. "மாமா, பார்க்க நல்லா இருக்கு, சுவரில் மாட்டிக்கிறேன்" என்று அவர் சொன்னது இன்றும் எங்கள் காதில் இருக்கிறது.

காரணம் எளிது. பாத்திரங்களுக்கும் மேசைகளுக்கும் பெருவழக்காய் உள்ள எவர்சில்வர், தொழிலுலகில் 304 என்று எண்ணிடப்படுவது. அதில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. கரியோ 0.08 விழுக்காட்டைத் தாண்டாது. எஃகுக்கு உறுதி தருவது கரி. கரி அணுக்கள் இரும்பின் படிக அமைப்பில் சிக்கி அதை இறுக்குவதே துவைச்சலின் பயன். இந்த எஃகிலோ கரி மிகக் குறைவு. நிக்கலும் அவ்வமைப்பு மாற்றத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே எத்தனை முறை காய்ச்சினாலும், எதில் தோய்த்தாலும் அது உறுதியேறாது. சம்மட்டியால் அடித்தால் ஓரளவு இறுகும். கத்தி வாய்க்கு அது போதாது. குடமாக வளைவதற்கென்றே பிறந்த எஃகை நாங்கள் வாளாகச் சொன்னோம்.

இரண்டாம் தோல்வி

பட்டறை நடத்தும் நண்பர் அடுத்த வாரம் ஒரு காந்தத்தோடு வந்தார். 304 பொதுவாகக் காந்தத்தைப் பற்றாது. கத்தி எஃகு பற்றும். ஆகவே காந்தம் பற்றும் எவர்சில்வராகத் தேடினோம். பழைய அடுப்பொன்றின் முகப்புத் தகடு கிடைத்தது. காந்தம் இறுகப் பற்றியது. மகிழ்ந்தோம். மீண்டும் ஒரு வாரம் உழைத்தோம். மீண்டும் வாய் மடங்கியது.

காந்தம் பற்றும் எவர்சில்வரிலும் இருவகை உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். 430 என்னும் வகையில் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு. நிக்கல் இல்லை எனலாம். ஆதலால் காந்தம் பற்றும். ஆனால் கரி 0.12 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே அதுவும் உறுதியேறாது. காந்தம் ஒருவகையை விலக்கித் தருமே அன்றி, உரிய வகையைக் காட்டித் தராது.

மூன்றாம் தோல்வியும் ஷெஃபீல்டும்

மூன்றாம் முறை, உணவுத் தொழிற்சாலையிலிருந்து கழிக்கப்பட்ட சீவும் இயந்திரத்தின் வட்ட அலகு ஒன்று கிடைத்தது. அது முன்னரே கத்தியாக இருந்தது, ஆகவே ஐயமில்லை. வேண்டிய வடிவில் வளைத்து வெட்டுவதற்காக அதைக் காய்ச்சி மென்மையாக்கினோம். பின்னர் வில்லெஃகைக் காய்ச்சும் பழக்கத்தில், காந்தம் பற்றாத நிலை வரும்வரை செவ்வெனக் காய்ச்சித் தோய்த்தோம். அரத்தை வைத்து இழுத்தபோது அரம் கவ்வியது. உறுதியேறவில்லை என்பது பொருள். சரியான எஃகு, தவறான வெப்பம்.

இங்கே ஒரு வரலாற்றை நினைவுகூர்தல் தகும். 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரியும் கொண்ட எஃகை வார்த்தார். துப்பாக்கிக் குழல்கள் தேயாமலிருக்க வழி தேடியபோது கிடைத்த எஃகு அது. அமிலத்தை எதிர்த்து நின்ற அதனைக் கண்டு, இது உணவுக் கத்திக்கு ஏற்றது என்று உணர்ந்தார். அந்நகரத்துக் கத்தித் தொழிலாளரோ அதைப் பழைய முறையில் காய்ச்சித் தோற்றனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை எள்ளினர். மோஸ்லி கத்தி நிறுவனத்தின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட்டே அதனைப் பதமறிந்து கையாண்டு நல்ல கத்திகளாக்கினார். உலகத்தின் தலைசிறந்த கத்தி நகரமே இடறிய கல்லில்தான் நாங்களும் இடறினோம் என்றறிந்தபோது சற்று ஆறுதலாயிருந்தது.

வேறுபாடு இதுதான். கரி எஃகு 800 செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் தோய்த்தற்குரிய பதம் அடைகிறது. குரோமிய எஃகுக்கோ 1,000 முதல் 1,060 செல்சியஸ் வரை வேண்டும். செந்நிறம் போதாது, ஆரஞ்சு நிறம் வர வேண்டும். அந்நிலையில் சில நிமிடம் நிற்கவும் வேண்டும். அப்போதுதான் குரோமியத்தோடு பிணைந்திருக்கும் கரி விடுபட்டு இரும்பில் கரையும். பின்னர் எண்ணெயில் தோய்த்தாலும் உறுதியேறும். மெல்லிய அலகாயின் காற்றில் ஆறவிட்டாலே ஏறும். அதன்பின் 150 முதல் 200 செல்சியசில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து நொறுங்குந்தன்மையைத் தணிக்க வேண்டும். ரொட்டி சுடும் அடுப்பே இதற்குப் போதும். கரி எஃகில் வைக்கோல் நிறம் தோன்றுவதைக் கண்டு பதம் அறிவது கொல்லர் வழக்கம். குரோமிய எஃகில் அந்நிறம் அதைவிடக் கூடுதலான வெப்பத்தில்தான் தோன்றும். நிறத்தை நம்பினால் ஏமாற்றமே. வெப்பமானி வேண்டும்.

இம்முறையில் செய்த நான்காம் கத்தி வெட்டியது. பத்து மாதமாக அதே உறவினரின் சமையலறையில் வெட்டிக்கொண்டிருக்கிறது. முதற்கத்தியும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

உருக்கின் பயணம்

எஃகு என்பது நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் அச்சொல் வேல் முதலிய கூர்ம்படைகளையும் குறித்து வழங்கியது. திருவள்ளுவர் பொருள் செயல்வகையில் அதனை ஆண்டிருக்கிறார். ஔவையார் புறநானூற்றில், அதியமானின் படைக்கலங்கள் போரில் சிதைந்து கொல்லனின் சிறு களத்தில் கிடப்பதைப் பெருமையாகப் பாடினார். நொய்யற்கரையிலுள்ள கொடுமணலில் இரும்புத் தொழில் நடந்த தடயங்களை அகழாய்வுகள் வெளிக்கொணர்ந்துள்ளன.

மண்குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு உருக்கியெடுத்த தென்னிந்திய எஃகு, ஐரோப்பியரிடம் 'ஊட்ஸ்' என்ற பெயரால் சென்றது. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு' என்றும் தமிழில் 'உருக்கு' என்றும் வழங்கும் சொல்லின் திரிபே அது என்பர் அறிஞர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதனைப் பற்றி லண்டன் ராயல் கழகத்தில் கட்டுரை படித்தார். கொல்லரின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் அதனை ஆராய்ந்தார். கத்தி செய்யும் தொழிலரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து, அதுபோன்ற எஃகைச் செய்ய முயன்று பல உலோகங்களை இரும்போடு கலந்து பார்த்தார். அவற்றுள் குரோமியமும் ஒன்று. பிரியர்லியின் எஃகு வர இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. எனினும், குரோமிய எஃகைத் தேடிய தொடக்ககால ஆய்வு ஒன்றுக்கு நம் உருக்கு தூண்டுகோலாயிருந்தது என்பது மிகையன்று. இதைச் சொல்வது பழம்பெருமை பேசுவதற்கன்று. பொருளைச் செய்தவன் பெயரிட்டான். பெயர் பொருளோடு கடல் கடந்தது. பொருளை வாங்கி மட்டும் பயன்படுத்துபவனுக்கு, விற்பவன் வைத்த பெயரே மிஞ்சுகிறது. 'எவர்சில்வர்' அவ்வாறு மிஞ்சிய பெயர்.

பெயர்களை நேராக்குதல்

எவர்சில்வர் என்றால் என்றும் வெள்ளி. அதில் வெள்ளி அணுவளவும் இல்லை. நூல்களில் 'துருப்பிடிக்காத எஃகு' என்கிறோம். அதுவும் முழு உண்மையன்று. குரோமியம் காற்றோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாக எஃகைப் போர்த்துகிறது. கீறினாலும் அப்படலம் மீண்டும் தானே படிகிறது. ஆனால் உப்புநீர் நெடுநேரம் தங்கினால் படலம் இடையிடையே உடைந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். கத்தி எஃகில் கரி மிகுதி. அது குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. ஆகவே நன்றாக வெட்டும் எவர்சில்வர், குடத்து எவர்சில்வரைவிடச் சற்று எளிதாகவே துருவேறும். இதனை அறியாமல் கத்தியைத் தொட்டியில் ஊறவிட்டுப் பின் விற்றவரை நோவது முறையன்று.

மலாய்மொழியினர் இதனைத் துருவைத் தாங்கும் எஃகு என்னும் பொருள்பட வழங்குகின்றனர். கடை, பெட்டி முதலிய சொற்களை நம்மிடம் பெற்றுக்கொண்ட மொழி அது. அம்மொழியிடமிருந்து ஒரு கருத்தைப் பெறுவதில் நமக்கு இழுக்கில்லை. 'துருத்தாங்கி எஃகு' என்று நாமும் சொல்லலாம். அதன் வகைகளை, எண்களை மனனம் செய்ய வேண்டாதபடி, பயனால் பிரிக்கலாம். உறுதியேறாதன இரண்டையும் 'பாத்திர எஃகு' என்றும், கரி மிகுந்து வாய் தாங்குவதை 'வாயெஃகு' என்றும் வழங்கிப் பார்த்தோம். 420, 440சி முதலியன வாயெஃகு. எங்கள் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் இருநாளில் இவற்றைப் பற்றிக்கொண்டனர்.

இதனினும் இன்றியமையாதது மற்றொன்று. கலைச்சொற் பட்டியல்களில் 'பதப்படுத்துதல்' என்ற சொல்லைக் காண்கிறோம். உறுதியேற்றுவதற்கும் அது, பின்னர் நொறுங்குந்தன்மையைத் தணிப்பதற்கும் அது, தோலுக்கும் மீனுக்கும் அதுவே. மாணவன் எதைச் செய்வான்? தோய்த்த கத்தியைத் தணிக்காமல் விட்டால் கீழே விழுந்தவுடன் கண்ணாடிபோல் உடையும். தெறித்த துண்டு கண்ணைக் கெடுக்கும். ஆகவே முன்னதற்குத் 'துவைச்சல்' என்ற கொல்லர் சொல்லையே மீட்போம். பின்னதைப் 'பதந்தணித்தல்' என்போம். இரண்டு செயலுக்கு இரண்டு சொல் வேண்டும்.

செய்ய விரும்புவோருக்கு

பழைய எவர்சில்வரில் கத்தி செய்ய விரும்புவோர் முதலில் விரலகலத் துண்டொன்றை வெட்டிச் சோதித்தல் வேண்டும். காந்தம் பற்றுகிறதா என்று பாருங்கள். பற்றினால் ஆரஞ்சு நிறம் வரக் காய்ச்சி, சிறிது நிறுத்தி, எண்ணெயில் தோயுங்கள். ஆறியபின் அரத்தால் இழுங்கள். அரம் வழுக்கினால் வாயெஃகு, கவ்வினால் விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடச் சோதனை ஒரு வார உழைப்பைக் காக்கும். பழைய மேசைக் கத்திகளும் கத்தரிகளும் இயந்திரச் சீவலகுகளும் பெரும்பாலும் பயன் தரும். குடமும் தொட்டியும் தாரா.

காப்பும் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பைக் காய்ச்சினால் எழும் புகை காய்ச்சலைத் தரும். குரோமியம் பூசிய தண்டுகளை உலையிலிடலாகாது. இருபுறமும் அடைத்த குழாய் வெப்பத்தில் வெடிக்கும். எவர்சில்வரைச் சாணை பிடிக்கும் தூளை மூச்சில் இழுத்தல் கேடு, முகக்காப்பு அணிக. இன்னதென்று தெரியாத இயந்திரப் பெட்டிகளைத் திறவாதீர். 2010இல் தில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில், கழித்துவிட்ட கருவியொன்றிலிருந்த கதிரியக்கக் கோபால்ட்டைப் பிரித்த தொழிலாளர்கள் நோயுற்றனர்; ஒருவர் உயிரிழந்தார். பெயர் தெரியாத பொருளைக் கையாளும் இடர் அவ்வளவு பெரிது.

அன்பர்களே, எங்கள் தொகுப்பில் இதுவரை சேர்ந்த சொற்களைத் தாளில் எழுதி மண்டபத்தின் பின்புறம் வைத்திருக்கிறோம். அதில் வெற்றிடங்கள் பல உள்ளன. உங்கள் வீட்டில் தோட்டத்துப் பட்டறையையோ ரயில்வே பட்டறையையோ அறிந்த பெரியவர் ஒருவர் இருப்பாராயின், இன்றிரவு அவரிடம் ஒரு சொல்லைக் கேளுங்கள். கேட்டதோடு, அச்சொல் குறிக்கும் செயலையும் கையால் காட்டச் சொல்லுங்கள். அவர் கை காட்டும்போது உங்கள் கண் பார்க்க வேண்டும். எங்களுள் இருவருக்கு அவ்வாறு கேட்டிருக்க வேண்டிய தந்தையர் இன்று இல்லை.

மூன்று துண்டுகளும் இதோ மேசையில் உள்ளன. அருகில் காந்தமும் அரமும் இருக்கின்றன. எது வாயெஃகு என்று நீங்களே கண்டு சொல்லுங்கள்.